எழுத முடியாமல் போன ஒரு வாக்கியம்

கையேடு எழுதும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எல்லாரும் ஒன்றைச் சொல்வார்கள். "நிரல் எழுதுகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதைப் புரியும்படி எழுதுங்கள், அவ்வளவுதான்." எனக்கும் அப்படித்தான் சொல்லி வேலை கொடுத்தார்கள். அது பாதி வேலை. மீதிப் பாதியை நான் பார்த்தது பழவேற்காட்டுக் கடைத்தெருவில், ஒரு வலைக்கடையின் மாடியில். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த ரெஜினாவை உங்கள் பயிற்சி வகுப்புக்கு அழைத்து "ஏதாவது அனுபவம் சொல்லுங்கள்" என்கிறீர்கள். அந்த மாடியில் நடந்ததைச் சொல்கிறேன்.

அனுப்பம்பட்டில் ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போவேன். பஸ்ஸில் பாதிக் கூட்டம் கூடைகளோடு இருக்கும். எங்கள் நிறுவனம் சென்னையில் இருந்தாலும், படகுகளுக்கான அவசர உதவிப் பெட்டி செய்துகொண்டிருந்ததால் குழுவை ஏரிக்கரைக்கே அனுப்பி, அந்த மாடியில் உட்காரவைத்திருந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. மேலே ஒரு சிவப்புப் பொத்தான். கடலில் ஆபத்து என்றால் அதை அழுத்த வேண்டும். படகு எங்கே இருக்கிறது என்ற செய்தி கரைக்கும் பக்கத்துப் படகுகளுக்கும் போகும். மீனவர்கள் அதைப் 'பொட்டி' என்றார்கள். கொஞ்ச நாளில் நாங்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தோம்.

பெட்டிக்குள் ஓடியது சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரி, அதாவது பல நிரல்களுக்கும் பயன்படும் ஒரு நிரல்தொகுப்பு. ஒரு தாய் வகை, அதன் குணத்தோடு பிறக்கும் பிள்ளை வகைகள் என்ற ஏற்பாடு சி மொழியில் தானாகக் கிடைக்காது. வேண்டுமானால் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் குழு கட்டியிருந்தது. 'நிலையம்' என்று ஒரு தாய் வகை. அதிலிருந்து பிறந்தவை, கரையில் செய்தி வாங்கும் கருவிக்குக் 'கரை நிலையம்', படகில் இருக்கும் பெட்டிக்குப் 'படகு நிலையம்'. இதன் அழகு என்னவென்றால், பயன்படுத்துகிறவர் கையில் இருப்பது எந்தப் பிள்ளை என்று பார்க்கவே வேண்டாம். 'நிலையம்' என்று தெரிந்தால் போதும். "உன் கடைசி இடம் எது?" என்று கேட்டால், கரையோ படகோ, தனக்குத் தெரிந்த வழியில் பதில் கொடுக்கும்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அந்தப் பொருளே எண்ணிக்கொண்டிருக்கும். கடைசி ஆள் கையை விட்டதும் அது அழிந்துபோகும். விட வேண்டியவர் விடாவிட்டால் நினைவகத்தில் குப்பை சேரும். விடக்கூடாதவர் விட்டால் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொருள் மறைந்துபோகும். கடைசியில் இரண்டும் ஒன்றுதான். பெட்டி செத்துவிடும்.

இந்த லைப்ரரியை எல்லாருக்கும் திறந்துவிடப் போகிறோம், மற்றவர்களும் இதிலிருந்து புது வகைகள் செய்துகொள்ளட்டும் என்று முடிவாகியிருந்தது. அதற்குத்தான் கையேடு. பெட்டிகளைக் கோட்டைக்குப்பத்துப் படகுத்துறையில் ஊர்க்காரர்கள் கையில் கொடுக்கும் விழாவும், கையேடு வெளியாவதும் ஒரே காலையில். அதற்கு முந்தைய நாள் காலை என்னிடம் மிஞ்சியிருந்தது 'கடைசி இடம்' என்ற நிரல்துண்டுக்கான, எங்கள் பேச்சில் ஃபங்ஷனுக்கான, பக்கம் மட்டும்.

அதில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது: 'நிலையத்தின் கடைசி இடத்தைத் திருப்பித் தரும்.' பிழையில்லாத வரி. ஆனால் படிக்கிறவருக்கு அடுத்து ஒரு கேள்வி வரும். கைக்கு வந்த அந்தப் பொருளை வேலை முடிந்ததும் விட வேண்டுமா, வேண்டாமா? கேட்டு எழுதிவிட்டால் முடிந்தது என்று எதிர் மேசையில் இருந்த வேலுவிடம் கேட்டேன். தாய் வகையை எழுதியவன் அவன்.

"விட வேணாங்க்கா. அது நிலையத்துக்குள்ள இருக்கிற பொருள். வாங்கிப் பாத்துட்டுப் போவாங்க, அவ்ளோதான்."

எழுத ஆரம்பித்தேன். பக்கத்து மேசையில் கலைவாணி நாற்காலியைத் திருப்பினாள். படகு நிலையம் அவளுடையது.

"இன்னாது வேணாமா? விட்டே ஆகணும்பா. படகு நவுந்துகினே இருக்குது. நான் ஒவ்வொரு தபாவும் புதுசா ஒண்ணு செஞ்சு கையில குடுக்குறேன். வாங்கினவங்கதான் விடணும்."

"கரை நவுராதே," என்றான் வேலு. "நான் எதுக்கு ஒவ்வொரு தபாவும் புதுசா செய்யணும்? ஒரே பொருள்தான். அதை யாராவது விட்டா என் நிலையம் காலி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் என்பதுதான் விபரீதம்.

அந்தச் சமயம் எங்கள் தலைமை நிரலாளர் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் சங்கடப்படுவார். நாங்கள் சீஃப் என்போம். ராயபுரத்துக்காரர், கெட்டிக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். அந்த லைப்ரரியின் எலும்பும் நரம்பும் அவர் கட்டியவை. காலையிலிருந்து அவர் ஃபோன் ஓயவில்லை. பந்தல், மைக், மீன்வளத் துறை அதிகாரிகள் வரும் நேரம் என்று ஒவ்வொன்றாய்.

"இன்னா மேடம், அந்தப் பக்கம் இன்னும் முடியலையா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வாய் டீ குடித்தார்.

"வகையைப் பொறுத்ததுன்னு எழுதிடுங்க. மத்தத அப்பால பாத்துக்கலாம்."

அப்படியே எழுதினேன். 'பெற்ற பொருளை விட வேண்டுமா என்பது நிலையத்தின் வகையைப் பொறுத்தது.' எழுதிவிட்டு, எப்போதும் செய்வதைச் செய்தேன். இதைப் படிக்கப்போகும் ஒருவராக என்னை நினைத்துக்கொண்டு வாசித்தேன். எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு 'நிலையம்' இருக்கிறது. கரையா படகா என்று பார்க்க வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே நாம் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். இப்போது இந்தப் பக்கத்தில், போய்ப் பார்த்துக்கொண்டு வா என்கிறோம். அவர் இன்று பார்த்தாலும், நாளைக்கு வேறொருவர் புதிதாக ஒரு பிள்ளை வகை செய்தால் அதை எப்படிப் பார்ப்பார்?

அந்த வரியை அழித்தேன். வேறு மாதிரி எழுதினேன், அதையும் அழித்தேன். வார்த்தை சிக்கவில்லை என்று தோன்றவில்லை எனக்கு. சொல்லுவதற்கு அங்கே உண்மை என்று ஒன்று இல்லை.

"சார், இந்த வாக்கியத்தை என்னால எழுத முடியாது," என்றேன்.

"எழுத முடியாதுன்னா?"

"எப்படி எழுதினாலும் பாதிப் பேருக்குப் பொய் சொன்ன மாதிரி ஆகுது."

அவர் டம்ளரைப் பட்டென்று வைத்தார். "மேடம், நாளைக்குக் காலைல ஊரே வருது. புரோகிராம் எங்க வேலை, எழுதறது உங்க வேலை. தயவு செஞ்சு உங்க வேலைய முடிங்க."

இளையவர்கள் எதிரில் அப்படிச் சொன்னதும் முகம் சுட்டது. படியிறங்கி வாசலுக்கு வந்தேன். வலைக்கடையில் நைலான் வலைக் கட்டுகளைப் பிரித்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. கோபத்தோடு மேலே போனால் அவரும் கோபமாகவே பேசுவார். யார் பெரியவர் என்ற சண்டையாகிவிடும். அதில் நான் ஜெயித்தாலும் அந்தப் பக்கம் அப்படியேதான் கிடக்கும். எழுத முடியாது என்று நான் சொன்னால் அது என் இயலாமை போலக் கேட்கிறது. எழுதிக் காட்டினால்?

மேலே போய் இரண்டு வாக்கியம் எழுதினேன். ஒன்று: 'பெற்ற பொருளை வேலை முடிந்ததும் விட வேண்டும்.' மற்றது: 'பெற்ற பொருளை விடக் கூடாது.' கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

"சார், ரெண்டும் தயார். ஒண்ணைத் தொட்டுக் காட்டுங்க. அப்படியே வெளியிட்டுடறேன். நான் வாதாட மாட்டேன்."

புதியவர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். பிடிவாதம் பிடிக்கிறவரைத் தள்ளிவிட்டுப் போகலாம். தேர்ந்தெடுக்கச் சொல்கிறவரை அப்படித் தள்ள முடியாது. தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும், அவரைப்போல யோசிக்கத் தெரிந்தவர் எங்கள் குழுவில் வேறு யாரும் இல்லை.

சீஃப் 'விடக் கூடாது' என்பதைத் தொடக் கை நீட்டினார். விரல் பாதியில் நின்றது.

"விடலன்னா..." என்று முணுமுணுத்தார். "படகு நிலையம் புதுசு புதுசா செஞ்சு குடுக்குது. யாரும் விடல. சேந்துகினே போவும்." விரல் அடுத்த வரிக்குப் போனது. "விட்டா, கரை நிலையத்தோட சொந்தப் பொருளே பூடும்." பிறகு திரும்பினார். "வேலு, பொத்தானுக்குத் தயாரா இருக்கணும்னு இடத்தக் கேட்டுகினே இருக்குதே நீ எழுதின புரோகிராம், அதுல இத விடறியா?"

வேலு தன் திரையை எட்டிப் பார்த்தான். "இல்ல சார். விட வேணாம்னுதானே நெனச்சிகினு இருந்தேன்."

"அப்போ நம்ம பொட்டிக்குள்ளயே இது இருக்குது," என்றார் சீஃப்.

அதுவரை வெளியே தெரியாததற்குக் காரணம் இருந்தது. ஏரிக்குள் காலையில் போய் மதியம் திரும்பும் படகுகளில்தான் சோதித்திருந்தோம். கரைக்கு வந்ததும் பெட்டியை அணைப்பார்கள். சேர்ந்த குப்பை எல்லாம் அதோடு போய்விடும். கடலில் தங்கித் தொழில் செய்யும் படகில் பெட்டி அணையாமல் ஓட வேண்டும்.

கலைவாணி ஒரு பெட்டியை எடுத்து அதன் கடிகாரத்தை வேகமாக ஓடவிட்டாள். கடலில் பல நாள் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். திரையில் நினைவகக் கோடு ஏறிக்கொண்டே போனது. நாங்கள் கொண்டுபோன சாப்பாட்டை யாரும் பிரிக்கவில்லை. கோடு உச்சியைத் தொட்டு நின்றது. பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது, ஒன்றுமே நடக்காததுபோல. சீஃப் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். அறை மூலையில், செய்தி வந்தால் ஒலிக்கும் கரை நிலையத்துக்கு எந்தச் செய்தியும் போகவில்லை.

நடுக்கடலில் ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு, பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு, ஆள் வரும் ஆள் வரும் என்று காத்திருப்பது எல்லார் மனதிலும் ஓடியிருக்கும். எனக்கு ஓடியது.

வேலுதான் முதலில் வாயைத் திறந்தான். "சார், நாளைக்கு டெமோ கொஞ்ச நேரந்தானே. அதுல ஒண்ணும் ஆவாது. குடுத்துட்டு, அடுத்த வாரம் ஊர் ஊராப் போயி சரி பண்ணிட்டா..."

அது கெட்ட எண்ணத்தில் வந்த யோசனை இல்லை, பயத்தில் வந்தது. ஃபோன் மறுபடி அடித்தது, பந்தல்காரர். சீஃப் எடுக்கவில்லை. அவரைப் பற்றி நான் இன்றைக்கும் மரியாதையாகப் பேசுவதற்குக் காரணம் அடுத்து அவர் சொன்னதுதான்.

"அடுத்த வாரத்துக்குள்ள ஒருத்தன் அத நம்பி கடலுக்குப் போயிட்டான்னா? வேணாம். வாங்க மேடம், கோட்டைக்குப்பம் போலாம். நேருல சொல்லிடுவோம்."

"நான் எதுக்கு சார்?"

"நான் சொன்னா யாருக்கும் புரியாது. நீங்க சொல்லுங்க."

படகுத்துறையில் எட்டியப்பன் என்ற மீனவர் பந்தலுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊரில் முதல் பெட்டி அவருடைய படகுக்கு என்று பேச்சு. நாங்கள் சொன்னதும் கழியைக் கீழே போட்டார்.

"இன்னா சார் இது? நாளிக்கு தொழிலுக்குப் போவ வேணாம்னு ஊரே குந்திகினு இருக்குது. இப்ப வந்து பொட்டி இல்லன்னா? பேஜாராப் பூடும் சார்."

சீஃப் என்னைப் பார்த்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, பெட்டி நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப நேரம் ஓடினா உள்ளே நின்னுபோகுது. நின்னுபோனது வெளியில தெரியாது. விளக்கு எரியும். நீங்க பொத்தானை அழுத்துவீங்க, இங்க எங்களுக்கு ஒண்ணும் வராது. இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சோம். சரி பண்ணாம உங்க கையில குடுக்க எங்களுக்கு மனசு இல்ல."

அவர் குனிந்து கழியை எடுத்து ஓரமாகச் சாய்த்தார். பிறகு கேட்டார்: "சரி பண்ணிட்டீங்கன்னு எப்டித் தெரியும்?"

"கடல்ல ஓட்டித்தான் பாக்கணும்," என்றார் சீஃப்.

"அப்ப என் படகுல ஏத்து. இப்பவே சொல்ட்டேன், அத நம்பிகினு போவ மாட்டேன். எப்பவும் போல கூட வர்ற ஜோடிப் படகோடதான் போவேன். வந்து சொல்றேன், இன்னா ஆச்சுன்னு. ஊருல நான் பேசிக்கிறேன்."

விழா தள்ளிப்போனது. சென்னையிலிருந்து வந்த ஃபோன்களை எல்லாம் சீஃப் ஒருவரே வாங்கிக்கொண்டார். எங்கள் யார் பெயரையும் எடுக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வேலை நடந்த விதத்தைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். தாய் வகை ஒரு வாக்குக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று விதி வைத்தோம். 'கடைசி இடம்' கேட்டால், கரையோ படகோ, வாங்குகிறவர் பெயரில் ஒரு பிடி சேர்த்தே கொடுக்கும். வாங்கியவர் விட வேண்டும். இனி இதில் விதிவிலக்கு இல்லை. பிறகு சீஃப் எல்லா ஃபங்ஷன்களையும் ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தார். "மேடம், 'யார் விடணும்'னு ஒரே வாக்கியம். எழுத வந்தா அடுத்தது. வரலன்னா புரோகிராம மாத்தறோம்."

பெரும்பாலானவை எழுத வந்தன. வராத இடங்களும் இருந்தன. ஒன்றில் நான் 'ஆனால்' என்று ஆரம்பித்ததும் கலைவாணி, "நிறுத்துக்கா, அங்க ஏதோ இருக்குது," என்று தன் மேசைக்கு ஓடினாள். உண்மையாகவே இருந்தது. நிலையம் அழியும்போது, தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்லாமலே போய்விடும் ஒரு பிழை. வேலு ஒரு கட்டத்தில் விசில் அடித்தான். "அக்கா பேனாவ எடுத்தா பக் தானா எழுந்து நிக்குதுப்பா!" சிரித்துச் சிரித்து வேலை செய்த நாட்கள் அவை. இவ்வளவு வருட வேலையில் அப்படி ஒரு காற்று என் அறையில் வீசியதில்லை.

பெட்டி எட்டியப்பனின் படகில் ஏறியது. முகத்துவாரம் தாண்டிப் போய், கடலில் தங்கி, மீனோடு திரும்பினார்கள். நாங்கள் எல்லாரும் துறையிலேயே நின்றிருந்தோம். கலைவாணி முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகு கரை ஏறும் முன்பே பெட்டியை வாங்கி, மடிக்கணினியில் மாட்டினாள். நினைவகக் கோடு புறப்பட்ட அன்று எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில், காற்றில்லாத நாளின் ஏரிபோலப் படுத்திருந்தது. சீஃப் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். துறைக்குத் தூக்கி வந்திருந்த கரை நிலையத்தின் ஒலி எங்கும் கேட்டது. அவர் "ஹே!" என்று கத்தியதில் நண்டு பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலுவும் கலைவாணியும் தண்ணீரிலேயே குதித்தார்கள். என் சேலை முழுக்க ஈரம்.

அன்று மாலை குழுவைக் கூப்பிட்டு சீஃப் சொன்னார்: "இனிமே புதுசா ஃபங்ஷன் எழுதறவங்க மொதல்ல மேடம்கிட்டப் போயி ஒரு வாக்கியம் வாங்கிட்டு வாங்க. வாக்கியம் இல்லன்னா ஃபங்ஷன் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, எல்லார் எதிரிலும், "அன்னிக்கு நான் பேசினது தப்பு மேடம்," என்றார்.

விழா நடந்தது. பெட்டிகள் படகுகளுக்குப் போயின, கையேடு வெளியானது.

வாடைக்காற்று பலமாக இருந்த ஒரு விடியற்காலை, நாங்கள் முறை வைத்து இராத்தங்கும் மாடியில் கரை நிலையம் அலறியது. எட்டியப்பனின் படகு. இஞ்சின் நின்று, காற்று அவர்களைத் துறையை விட்டுத் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. ஜோடிப் படகு மீனோடு முன்னாலேயே திரும்பியிருந்தது. திரையில் புள்ளி இருந்த இடத்தை வயர்லெஸ்ஸில் படித்துச் சொன்னோம்; கோட்டைக்குப்பத்திலிருந்து படகுகள் கிளம்பின. புள்ளி நகர நகரச் சொல்லிக்கொண்டே இருந்தோம். வெயில் ஏறுவதற்குள் அவரையும் அவர் ஆட்களையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் எட்டியப்பன் மாடிக்கு வந்தார். எல்லாரும் எழுந்து நின்றோம். அவர் நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தோம். கொண்டுவந்த இறால் பையைக் கலைவாணியிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து புகார் சொல்ல ஆரம்பித்தார்.

"பொட்டி கில்லாடி சார், அதுல ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. ஆனா அந்தப் பச்ச லைட்டு இருக்குது பாரு, இருட்டுல கண்ணக் குத்துது. எதிர்ல இன்னா வருதுன்னே தெர்ல. அதக் கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுங்க."

சீஃப் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஒரு பொருள் ஒருவருடையதாகிவிட்டால்தான் அதில் குறை சொல்லுவார். எனக்கு அந்தப் புகாரைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

அந்த வாரம்தான் யாமினி என்று ஒரு பெண் ஆரம்பாக்கத்திலிருந்து எங்கள் குழுவில் சேர்ந்திருந்தாள். வேலுவும் கலைவாணியும் வேறு வேலையில் இருந்ததால், விளக்கு வேலையை சீஃப் அவளிடம் கொடுத்தார். இருட்டியதும் தானே மங்கும் விளக்குக்கு, லைப்ரரியில் ஏற்கெனவே இருந்த தாய் விளக்கு வகையிலிருந்து ஒரு புதுப் பிள்ளை வகை செய்ய வேண்டும். அவள் என் எதிரில் உட்கார்ந்து கையேட்டைத் திறந்தாள். படித்தாள், எழுதினாள், மறுபடி படித்தாள். ஏதாவது சந்தேகம் கேட்பாள் என்று நான் தயாராகவே இருந்தேன். மதியம் போனது. கடைத்தெருவில் மாலைச் சந்தை கூடும் சத்தம் கேட்டது. யாமினி எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள். அறை இருண்டது, மேசைமேல் இருந்த பெட்டியின் பச்சை விளக்கு மெல்ல மெல்லத் தணிந்து, கண்ணுக்கு இதமான ஒரு புள்ளியாக நின்றது. பொத்தானை அழுத்தினாள். கரை நிலையம் ஒலித்தது.

"முடிஞ்சிடுச்சு மேடம்," என்றாள். அதுவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.